மழை எதைக் கெடுத்தது?

அந்தமானுக்கு உல்லாசப் பிரயாணம் போய்த் திரும்பியவர்களை விசாரித்துப் பாருங்கள். "எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு நாளை மட்டும் மழை கெடுத்துவிட்டது" என்பார்கள். அன்று படகு விடவில்லையாம். பவளப் பாறை பார்க்க முடியவில்லையாம். நாள் முழுக்க விடுதித் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருந்தார்களாம். மணிபர்ஸைப் பறிகொடுத்தவரின் துக்கம் அந்தக் குரலில் தொனிக்கும்.

அந்தக் 'கெடுத்துவிட்டது' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. மழை எதை ஐயா கெடுத்தது?

வருஷந்தோறும் மே மாதத்தின் பின்பாதியில் நம் பத்திரிகைகளில் ஒரு செய்தி வரும்: 'அந்தமான் கடல் பகுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது.' அக்கினி நட்சத்திரத்தில் வெந்துகொண்டிருக்கும் நாம் அதைப் படித்ததும் குளிர்ந்து போகிறோம். ஜூன் பிறந்தால் கேரளம், அப்புறம் குற்றாலத்தில் சாரல், அப்புறம் மேட்டூருக்குத் தண்ணீர் என்று வரிசையாகக் கணக்குப் போடுகிறோம். அதே மழையை அதன் தலைவாசலில் போய்ச் சந்திக்கும்போது மட்டும் சபிக்கிறோம். நம் ஊருக்கு வந்தால் வருண பகவான். நம் உல்லாசத்தில் குறுக்கிட்டால் சனியன்! 2019-ஆம் வருஷக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அதற்குள்ளாகவா மறந்துவிட்டது?

சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்தமானில் அதைப்போல் இரு மடங்கு, சுமார் 3,000 மில்லிமீட்டர். அப்படியும் அங்கே தண்ணீர்ப் பஞ்சம் உண்டு என்றால் நம்புவீர்களா? குன்றுகள் கடலை ஒட்டியே நிற்கின்றன. பெய்த நீர் விழுந்தடித்துக்கொண்டு கடலில் போய்ச் சேருகிறது. 2024 வரை போர்ட் பிளேர் என்று பெயர் கொண்டிருந்த தலைநகரம் தானிகாரி அணையைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. மழை ஓய்ந்து மாசி, பங்குனி வந்தால் அணை இறங்கும். குழாயில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உல்லாசப் பிரயாணிகள் திரண்டு போவதும் அந்த வறண்ட மாதங்களில்தான். கடல் நீலமாக இருக்கும், படகு ஓடும் என்பதற்காக அந்த மாதங்களைத் தேடிப் போகிறார்கள். காலையில் ஒரு குளியல், உப்பு நீரில் முழுகி வந்தபின் இன்னொரு குளியல், படுக்கப் போகுமுன் மற்றொன்று. அவ்வளவும் யார் கொடுத்த தண்ணீர்? இன்னொரு பிரயாணி 'கெடுத்துவிட்டது' என்று சபித்த மழை கொடுத்த தண்ணீர்.

"இதெல்லாம் சரி ஐயா, வருஷம் முழுவதும் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமாயிற்றே" என்று கேட்பவரை நான் கேலி செய்ய மாட்டேன். அது நியாயமான ஆதங்கம். ஆனால் அந்தப் பணத்தைக் கொடுத்து அவர் வாங்கியது என்ன? நாலு இடங்களைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளும் உரிமையையா, ஓய்வையா? ஓய்வு என்றால் மழை நாள்தானே முழு ஓய்வு! மற்ற நாட்களில் அவர் காலை ஆறு மணிக்கு எழுந்து, எட்டு மணிக் கப்பலைப் பிடித்து, பத்து மணிக்கு ஒரு கரை, பன்னிரண்டு மணிக்கு ஒரு கரை என்று ஓடி, ஓடிய இடமெல்லாம் கைப்பேசியில் படம் பிடித்துத் திரும்புகிறார். ஆபீஸ் உத்தியோகத்தைக் கடற்கரைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

மழை நாளில் அங்கே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹாவ்லாக் என்று வழங்கி, 2018-இல் ஸ்வராஜ் தீவு ஆன இடம் அது. தகரக் கூரையில் மழை விழும் ஓசையில் எதிரே இருப்பவர் பேச்சுக் கேட்காது. ஆகவே வீண் பேச்சு நின்றுவிடும். பாக்குத் தோப்பு ஒரே திசையில் சாய்ந்து நிமிரும். கடல் நீலத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாம்பல் பூசிக்கொள்ளும். ஊரில் பெரும்பாலோர் 1950-களில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களின் சந்ததி. டீக்கடையில் கடுகெண்ணெய் பிசிறிய பொரியும் கையுமாக அவர்கள் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். கப்பல் இல்லாத நாளில் அவர்களுக்கு உங்களோடு பேச நேரம் உண்டு. வெயில் நாளில் வாடிக்கைக்காரராக இருந்த நீங்கள், மழை நாளில் விருந்தாளி ஆகலாம்.

மழை எல்லோருக்கும் இன்பம் என்று நான் கதை அளக்கவில்லை. கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றால் தலைநகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோயாளி காத்துக் கிடப்பார். காய்கறி விலை ஏறும். மீன்பிடிப்பவர் வீட்டில் அடுப்பு யோசித்து எரியும். அவர்கள் மழையைக் குறை சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஒரு புகைப்படம் குறைந்துபோனவருக்கு அந்த உரிமை கிடையாது.

இது ரசனையைப் பற்றிய சண்டை மட்டும் அல்ல. 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஹாவ்லாக்கிலும் அருகிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரயாணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டன. 2014 ஜனவரி 26 அன்று தலைநகரத்துக்கு அருகே ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்து 21 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் நம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர்கள். அன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. தாங்கும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். மாண்டவர்கள்மேல் பழி இல்லை. ஆனால் கடலில் ஓட்டுகிறவன் 'முடியாது' என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அந்த விபத்து நமக்குச் சொல்லியிருக்க வேண்டும். மழை நாளில் துறைமுகத்தில் நின்று "கொடுத்த பணத்துக்கு எப்படியாவது படகை விடு" என்று சத்தம் போடுகிறவர், அந்தத் தைரியத்தைத்தான் விலை பேசுகிறார்.

ஆகவே அந்தமானுக்குப் போகிறவர்களே, உங்கள் திட்டத்தில் ஒரு நாளை மழைக்கென்று எழுதி வையுங்கள். மழை வந்தால், அது அவர்களுக்கு மாசி மாதத்துத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியைத் தாழ்வாரத்தில் இழுத்துப் போடுங்கள். படகுக்காரன் "இன்று வேண்டாம்" என்றால் அவனுக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். அவன் உங்கள் நாளைக் கெடுக்கவில்லை.