கையில் காசு தங்காத கதை



இந்த மாதம் ஊர்க்கதை வேண்டாம். என் வீட்டுக் கணக்கையே உங்கள் முன் வைக்கிறேன்.

நான் தெல்தோட்டையில் முன்பள்ளி ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன், பாடசாலை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, மகனுக்குச் சப்பாத்து வாங்கவென்று பஸ் ஏறி கலஹா வழியாகக் கண்டிக்குப் போனேன். பையில் ஒன்பதாயிரம் ரூபாய் இருந்தது. திரும்பி வரும்போது திரைச்சீலைத் துணி இருந்தது, சுடுநீர்ப் போத்தல் இருந்தது, இரண்டு பூச்சாடிகளும் இருந்தன. சப்பாத்து மட்டும் இல்லை. வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. மகன் பழைய சப்பாத்தைக் கழுவி அடுப்பருகே காய வைத்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது முதல் தடவையுமல்ல. என் தோடு அதற்கு முன்பே ஈட்டுக்கடையில் இருந்தது. "இவளுக்கு ஓட்டைக் கை" என்று அம்மா சிறு வயதிலேயே சொல்வார். நானும் அதை நம்பிவிட்டேன்.

அதே வருடம், மகன் வகுப்பில் கவனமில்லாமல் இருக்கிறான் என்று அவனை வைத்தியரிடம் கூட்டிப் போனோம். அவனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த குறைபாடு இருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, சின்ன வயதில் நீங்கள் எப்படி?" என்று கேட்டார். சிரித்தேன், பிறகு அழுதுவிட்டேன். சில மாதங்களில் எனக்கும் அதே முடிவைச் சொன்னார்கள்.

இது சோம்பலுமல்ல, வளர்ப்பின் பிழையுமல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு, பரம்பரையாகவும் வருவது. 1902 இலேயே ஜோர்ஜ் ஸ்டில் என்ற வைத்தியர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி லண்டனில் விரிவுரை செய்திருக்கிறார். வளர்ந்தால் சரியாகிவிடும் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். பலருக்கு அது பெரியவர்களான பின்னும் தொடர்கிறது என்பது இன்று தெரியும். ஓடியாடாமல் மூலையில் இருந்து கனவு காணும் பெண்பிள்ளைகளை யாரும் கவனிப்பதுமில்லை.

கண்டதற்கும் வாங்குவதற்கும் நடுவே ஒரு பிரேக் இருக்க வேண்டும். எங்களுக்கு அது பிந்தித்தான் பிடிக்கும். இன்றைய ஆசை மலையாகத் தெரியும். அடுத்த மாதக் கரண்ட் பில் பனிமூட்டத்துக்குள் இருக்கும். ஆகவே "மனதை அடக்கு" என்ற புத்திமதி போதாது. பிரேக்கை வெளியே பூட்ட வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். சம்பளம் வந்த அன்றே சீட்டுக் காசைச் சீட்டுப் பிடிக்கும் அக்காவிடம் கொடுத்துவிடுவேன். அவர் நம்பிக்கையானவர். மீதியை அரிசி, கரண்ட், பாடசாலை என்று எழுதிய உறைகளில் போடுவேன். டவுனுக்குப் போகும்போது பட்டியலும் அதற்கான காசும் மட்டும். வங்கி அட்டை வீட்டில். ஆசைப்பட்டதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி மூன்று நாள் பொறுப்பேன். பெரும்பாலானவை மூன்றாம் நாள் எனக்கே வேண்டாதவையாகிவிடும். தவணைக்கு எதுவும் எடுப்பதில்லை.

எங்கள் முன்னோரைத் தோட்டங்களில் கட்டிப்போட்டதும் கடன்தான். வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், பட்ட கடனை எழுதிய 'துண்டு' கூடவே போகும். அந்தத் துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நாமாகவே கையெழுத்திட்டுப் புதிய துண்டுகளை வாங்கலாமா?

நான் முழுதாகத் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். போன மாதம்கூட, தொலைபேசியில் நேரலையில் சாரி விற்றதைப் பார்த்து 2,800 ரூபாவுக்கு ஓடர் கொடுத்துவிட்டேன். இம்முறை மறைக்கவில்லை, அன்றே வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறைக்கும்போதுதான் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வருகிறது.

காசு தங்காத எல்லோருக்கும் இந்தக் குறைபாடு என்று நினைத்துவிடாதீர்கள். விலைவாசியே பலரின் கையைக் காலியாக்குகிறது. ஆனால் சிறு வயது முதல் மறதி, அவசரம், தொடங்கிய வேலை முடியாமை எல்லாம் சேர்ந்திருந்தால், வெட்கப்படாமல் அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தேவையென்றால் மருந்தும் தருவார்கள். அதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

இந்த வருடம் மகனின் சப்பாத்தை முதலில் வாங்கினேன். தோடு இன்னும் ஈட்டில்தான் இருக்கிறது. அதற்கும் ஒரு உறை போட்டிருக்கிறேன்.