வீடு வாங்குமுன் பிளானைக் கேளுங்கள்!

மில்லில் முப்பது வருஷம் உழைத்த தொழிலாளி, பிராவிடண்டு பண்டும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்தவுடன் முதலில் நினைப்பது ஒரு சொந்த வீட்டைத்தான். லைன் வீட்டு வாடகையும் வீட்டுக்காரரின் பேச்சும் அவரை அப்படி நினைக்க வைக்கின்றன. இதில் பேராசை ஏதுமில்லை. இந்த நியாயமான ஆசையை எதிர்பார்த்துத்தான் மில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் மனைப் புரோக்கர் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் நான்கு காகிதங்களைக் காட்டுகிறார்: பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, கரண்டு பில். "எல்லாம் சுத்தம் அண்ணே, நாளைக்கே பத்திரம் போட்டுவிடலாம்" என்கிறார். முன்பணம் கை மாறிவிடுகிறது.

இந்த நான்கும் என்ன சொல்லுகின்றன? பட்டா, நிலம் யார் பேரில் இருக்கிறது என்று சொல்லும். வில்லங்கச் சான்று, சார்பதிவாளர் ஆபீசில் பதிவான விற்பனையையும் அடமானத்தையும் சொல்லும். வரி ரசீது, வரி கட்டியதைச் சொல்லும். கரண்டு பில்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அந்த மண்மேல் நிற்கும் சுவர்கள் அனுமதி பெற்று எழுந்தவைதானா என்பதை நான்கில் ஒன்றும் சொல்லாது! அனுமதியில்லாத கட்டிடத்துக்கும் வரி வசூலாகிறது. வரி கட்டியதாலேயே அது சட்டப்படியான கட்டிடமாகி விடுவதில்லை.

ஆகவே ஐந்தாவது காகிதம் ஒன்று வேண்டும். அதுதான் கட்டிட அனுமதியும் அத்துடன் முத்திரையிட்டுக் கொடுக்கப்பட்ட பிளானும். மனைப்பிரிவானால், சென்னைப் பகுதியில் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதியும், மற்ற இடங்களில் நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியும் இருக்க வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது" என்று சொல்லி விற்பவர்களிடம் தோழர்கள் ஏமாறக் கூடாது. மேற்படி அனுமதியில்லாமல், ஊராட்சித் தலைவர் தம் கையெழுத்தால் மட்டும் ஒரு மனைப்பிரிவை அங்கீகரித்துவிட முடியாது.

1971ஆம் வருஷத்திலேயே நகர் ஊரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் அங்கீகாரமில்லாத மனைகள் சார்பதிவாளர் ஆபீசுகளில் வருஷக்கணக்கில் பதிவாகிக் கொண்டே இருந்தன. சர்க்காருக்குத் தீர்வை கிடைத்தது, புரோக்கருக்குக் கமிஷன் கிடைத்தது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை ஹைகோர்ட்டு அந்தப் பதிவுகளுக்குத் தடை விதித்தது. அடி யார் தலையில் விழுந்தது? மனை பிரித்தவர் விற்று முடித்துப் போய்விட்டார். மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க நினைத்தவர்தான் கதி கலங்கி நின்றார். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிந்த மனைகளைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக் கொள்ளலாம் என்றார்கள். விற்றவர் முன்வராத இடங்களில், அவர் செய்த குற்றத்துக்கு வாங்கியவரே பணம் கட்ட வேண்டியதாயிற்று! மனை முறைப்பட்டாலும் அதன்மேல் இருக்கும் வீட்டுக்கு அனுமதி தனியாக வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

பிளான் கையில் வந்தால் போதுமா? போதாது. பிளானும் வீடும் ஒத்திருக்க வேண்டும். நம் பேட்டைகளில் அதிகமாக நடப்பது என்ன? கீழ்த்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிக் கட்டுகிறார்கள். பையனுக்குக் கல்யாணம் ஆனதும் மேலே ஒரு மாடி எழும்புகிறது. அதற்கு அனுமதி இராது. கட்டியவர் அயோக்கியர் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் நம்மைப் போன்றவர்தான். ஆனால் ஒரு தளத்துக்குப் போட்ட அஸ்திவாரம் இரண்டைத் தாங்குமா என்று பரிசோதித்தவர் யார்? மாடிக்கும் சேர்த்துத்தானே நம்மிடம் விலை கேட்கிறார்கள்! பெரிய இடத்திலும் இதே கதைதான். மும்பை வொர்லியில் காம்பா கோலா காலனி என்ற குடியிருப்பில் 5 மாடிகளுக்குத்தான் அனுமதி இருந்தது. கட்டிடங்களில் ஒன்று 20 மாடியாகவே எழும்பிவிட்டது. சுப்ரீம் கோர்ட்டு வரை போயும் வாங்கியவர்கள் பக்கம் தீர்ப்பு வரவில்லை.

அனுமதி இருந்தால் கட்டிடம் விழாது என்றும் எண்ண வேண்டாம். சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று இடிந்த 11 மாடிக் கட்டிடம் அனுமதி பெற்றதுதான். 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு வந்த கட்டிடத் தொழிலாளர்கள். எனவே பிளானைப் பார்த்த பிறகு, தெரிந்த கொத்தனார் ஒருவரையாவது அழைத்துப் போய்ச் சுவரையும் தூணையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நேற்று வரை நீங்கள் நாற்று நட்ட நஞ்சையில்தான் இன்று கல் நட்டுக் கொடி கட்டியிருக்கிறார்கள். ஐப்பசி மழையில் எந்த வயலில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் வழியும் என்பது புரோக்கரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மில் தொழிலாளி மனை பார்க்க வந்தால் வெட்கப்படாமல் அதைச் சொல்லுங்கள்.

விற்பவர் பிளானைக் காட்ட மறுத்தால் என்ன செய்வது? 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்துடன் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ மனுப் போடலாம். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம். இந்தக் கதவு எண்ணுக்கு எந்தத் தேதியில், எத்தனை தளத்துக்கு, எத்தனை சதுர அடிக்கு அனுமதி கொடுக்கப்பட்டது? பின்னால் கூடுதல் கட்டிடத்துக்கு அனுமதி உண்டா? விதிமீறல் நோட்டீஸ் ஏதாவது போனதா? இவற்றைக் கேளுங்கள். பதில் வரும்வரை முன்பணம் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். "நாளைக்கு வேறு ஆள் வாங்கிவிடுவார்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும்.

2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சிறிய வீடுகளுக்குச் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டுகிறவர், தாமே சான்றளித்து உடனே அனுமதி பெறலாம். ஆபீஸ் படியேறி அலைவது குறையும், நல்லதுதான். ஆனால் சர்க்கார் ஆள் வந்து அளந்து பாராமல் கிடைக்கும் அனுமதி அது. பின்னால் அந்த வீட்டை வாங்குகிறவர்தான் டேப் பிடித்து அளக்க வேண்டியிருக்கும்.

பாங்கியில் கடன் வாங்கி வாங்குகிறவருக்குப் பாங்கி வக்கீலாவது காகிதங்களைப் பார்க்கிறார். கட்டி முடித்த சான்றைச் சரிபார்த்த பிறகே கடன் தரவேண்டும் என்று 2024 டிசம்பர் 17 அன்று சுப்ரீம் கோர்ட்டும் பாங்கிகளுக்குக் கட்டளையிட்டது. பண்டுப் பணத்தை ரொக்கமாகக் கொண்டு போகும் தொழிலாளிக்கோ எவரும் இல்லை. இந்த இடத்தில் சங்கம் நிற்க வேண்டும். பிளான் படிக்கத் தெரிந்த கட்டிடத் தொழிலாளத் தோழர் ஒருவர் வாரம் ஒருநாள் மாலையில் சங்க ஆபீசில் உட்கார்ந்தால் போதும். ஒரே மனைப்பிரிவில் பத்துப் பேர் வாங்குவதாயிருந்தால், பத்துப் பேரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போடட்டும்.

சர்க்காரிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்தார்கள். 10 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 90,000 ரூபாய்! இவ்வளவு வாங்கிக் கொள்ளும் ஆபீஸ், கட்டிட அனுமதி எண்ணையும் அனுமதித்த தளங்களையும் கிரயப் பத்திரத்தில் எழுதச் செய்து, நகராட்சிப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முத்திரை குத்தட்டும். அதற்கு ஆள் போதவில்லை என்றால், அந்த 90,000 ரூபாயிலிருந்து ஆள் போடட்டும்.