பல்பை மாத்துறதுக்கு முன்னாடி லென்ஸைத் தடவிப் பாருங்க

ஸ்கூல் லீவு விட்டாச்சு. ஊருக்கு டிக்கெட் விலையைப் பார்த்து மூச்சு நின்னவங்கள்ல பாதிப் பேர் இப்போ சலாலா பக்கம் திரும்பியிருப்பீங்க. கரீஃப் சீசன், தூறல், பச்சை மலை, கையில இளநீர். கார்லயே போயிடலாம், செலவும் கம்மி. ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகர் அது சம்பந்தமா ஒரு கேள்வி அனுப்பியிருக்கார். 2009 மாடல் ஜப்பான் செடான், மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. எஞ்சின் தங்கம், ஆனா ஹெட்லைட் மட்டும் மெழுகுவர்த்தி. மனைவி, ரெண்டு பிள்ளைங்க, ஊர்லேர்ந்து வந்திருக்கிற அம்மா, எல்லாரையும் கூட்டிட்டுக் கிளம்பறார். கடைக்காரர் "எல்.இ.டி. போடுங்க சார், ராத்திரி பகலாயிடும்"னு சொல்றாராம். போடலாமா?

போடாதீங்க. குறைந்தபட்சம், அதை முதல் வேலையா செய்யாதீங்க.

துபாய், ஷார்ஜா, அபுதாபி ஊருக்குள்ளேயே ஓட்டுற வரைக்கும் நம்ம ஹெட்லைட்டோட நிலைமை நமக்கே தெரியாது. ஷேக் சாயித் ரோட்ல லைட் போட மறந்தாலும் ரோடு பளிச்னு தெரியும். (மறக்காதீங்க. ராத்திரியில லைட் இல்லாம ஓட்டினா 500 திர்ஹம், 4 பிளாக் பாயிண்ட்.) ஹத்தா, லிவா, ஜெபல் ஜைஸ்னு தெருவிளக்கு இல்லாத பக்கம் போனாத்தான் வண்டியோட உண்மையான பார்வை தெரியும். கண்ணுல புரை வளர்ற மாதிரிதான் இதுவும். ஒரே நாள்ல மங்கினா உடனே டாக்டர்கிட்ட ஓடுவோம். பத்து வருஷமா கொஞ்சம் கொஞ்சமா மங்கினா, "இந்த மாடல் லைட்டே இப்படித்தான்"னு பழகிடுவோம்.

அதனால பல்பை விட்டுட்டு லென்ஸ்லேர்ந்து ஆரம்பிங்க. பழைய கார்கள்ல முன்னாடி இருந்தது கண்ணாடி. இப்போ இருக்கிறது பாலிகார்பனேட், அதாவது ஒரு வகை பிளாஸ்டிக். வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் அதை அரிக்காம இருக்க மேல ஒரு மெல்லிய கோட்டிங் இருக்கும். வருஷம் முழுக்க ஓப்பன் பார்க்கிங்கில வளைகுடா வெயில்ல நிக்கிற வண்டிக்கு அந்தக் கோட்டிங் எத்தனை நாள் தாங்கும்? மணல் காத்து வேற உப்புத்தாள் மாதிரி தேய்க்குது. கோட்டிங் போனதும் லென்ஸ் மஞ்சளாகி, சொரசொரப்பாகி, பால் ஊத்தின மாதிரி ஆயிடும். விரலால தடவிப் பாருங்க, புது லென்ஸ் மாதிரி வழுக்காது.

இதோட பாதிப்பு எவ்வளவுன்னு 2018-ல அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. வாகன ஓட்டிகள் சங்கம் சோதிச்சுப் பார்த்தது. மங்கிப்போன ஹெட்லைட் டிம்ல குடுத்த வெளிச்சம், புதுசு குடுக்கிறதுல ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். தேய்ச்சுப் பாலிஷ் போட்டதும் 70 சதவீதம் பக்கம் திரும்பி வந்தது. சந்தையில எந்த பல்பும் உங்களுக்கு இந்த ஏற்றத்தைக் குடுக்காது. மங்கின லென்ஸுக்குப் பின்னாடி பெரிய பல்பு வெச்சா அந்த வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறி எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும், ரோட்டுக்கு வராது.

டூத்பேஸ்ட் வெச்சுத் தேய்க்கிற வீடியோ வீட்டுக்கு வீடு வந்திருக்கும். அன்னிக்குப் பளபளன்னு ஆகும், உண்மைதான். ஆனா மேல பாதுகாப்பு எதுவும் இல்லாததால வெயில் பட்டதும் சீக்கிரமே பழைய மஞ்சளுக்குத் திரும்பிடும். சரியான முறைன்னா, தண்ணி விட்டுக்கிட்டே வாட்டர் பேப்பரால 800, 1500, 3000னு படிப்படியா தேய்ச்சு, பாலிஷ் போட்டு, கடைசியா யு.வி. தாங்கும் கிளியர் கோட் அடிக்கணும். சனாயாவுல குடுத்தா ரெண்டு மணி நேர வேலை. "கடைசியில கிளியர் கோட் அடிப்பீங்களா, வெறும் பாலிஷ்தானா?"னு கேட்டுட்டு வேலையைக் குடுங்க. நான் ஒரு மலையாளி சேட்டன்கிட்ட இதைக் கேட்டப்போ, "சாரே, அதைக் கேக்கிற ஆளு மாசத்துல ஒண்ணுதான்"னு சிரிச்சார்.

அடுத்தது வயரிங். நம்ம ஆபீஸ்ல சர்வர் மெதுவா ஓடினா, புது சர்வர் வாங்கறதுக்கு முன்னாடி நெட்வொர்க்கைப் பார்ப்போம்ல, அதே கதை. ஹாலஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சா வெளிச்சம் நிறையக் குறையும். வோல்டேஜ் 5 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் 16 சதவீதம் போச்சு. 10 சதவீதம் குறைஞ்சா 30 சதவீதம் போச்சு. பதினஞ்சு வருஷப் பழைய வண்டியில, ஸ்விட்ச் காண்டாக்ட் கரிஞ்சு, எர்த் வயர் நம்ம ஆகஸ்ட் மாசப் புழுக்கத்துல துருப்பிடிச்சு இருந்தா இந்த அளவு இழப்பு சாதாரணம். எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரால பேட்டரியில ஒரு தடவை, பல்பு சாக்கெட் பின்பக்கம் ஒரு தடவை அளந்து பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா எர்த்தைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. ஒரு வோல்ட்டுக்கு மேல போனா பேட்டரியிலேர்ந்து நேரா ரிலே போட்டு வயர் இழுக்கச் சொல்லுங்க. எலெக்ட்ரீஷியனுக்கு இது சின்ன வேலை.

இப்போ எல்.இ.டி.க்கு வரேன். ஹெட்லைட்டுக்குள்ள இருக்கிற ரிஃப்ளெக்டர் சும்மா ஒரு பளபளப்பான கிண்ணம் இல்லை. பல்போட இழை எந்த இடத்துல, எந்த நீளத்துல இருக்கும்னு மில்லிமீட்டர் கணக்குல வெச்சு அதோட வளைவுகளை வடிவமைச்சிருக்காங்க. ஹாலஜன் இழை எல்லாப் பக்கமும் ஒளி விடும். எல்.இ.டி. பல்புல சின்னச் சில்லுகள் ரெண்டு பக்கமா ஒட்டியிருக்கும். ஒளி வர்ற இடம் கொஞ்சம் தள்ளினாலும் பீம் குழம்பிடும். வெளிச்சம் இருக்கும், ஆனா போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பெரும்பாலும் பானட்டுக்கு முன்னாடி பத்துப் பதினஞ்சு மீட்டர்ல வெள்ளையா கொட்டும். உங்களுக்கு "ஆஹா"ன்னு இருக்கும். ஆனா பக்கத்துல அதிக வெளிச்சம் இருந்தா கண்மணி சுருங்கும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாத் தெரியும். கடைக்காரர் டெமோ காட்டுறது எதிர்ச் சுவத்துலதானே? அஞ்சு மீட்டர்ல எந்த பல்பும் ஹீரோதான்.

எல்.இ.டி.யே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. ஜெர்மனியில 2020-ல ஆஸ்ரம் கம்பெனியோட எச்7 எல்.இ.டி. பல்புக்கு அனுமதி குடுத்தாங்க. எப்படின்னா, சோதிச்சுப் பார்த்த கார் மாடல்களுக்கு மட்டும், ஒவ்வொண்ணா பேர் சொல்லி. "எல்லாக் காருக்கும் பொருந்தும்"னு அட்டைப்பெட்டியில போட்டிருக்கிற சரக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. செனான் எச்.ஐ.டி. கிட் இன்னும் மோசம். 2000 லூமனுக்கு மேல போற டிம் லைட்டுக்குத் தானா மட்டம் பிடிக்கும் வசதியும் லென்ஸ் கழுவும் வசதியும் வேணும்னு ஐ.நா. வாகன விதிகள்லயே வெச்சிருந்தாங்க. கிட்ல அது ரெண்டும் வராது.

அப்போ பல்பே மாத்தக் கூடாதான்னா, மாத்தலாம். நல்ல கம்பெனி ஹாலஜன், அதே வாட்ஸ், ரெண்டு பக்கமும் ஒரே சமயத்துல. பழைய பல்பு எரிஞ்சு எரிஞ்சு உள்பக்கம் கறுத்து வெளிச்சத்தை இழந்திருக்கும். "100 சதவீதம் அதிகம்"னு எழுதின பல்புல இழை கொஞ்சம் கூடுதல் சூடா எரியும், வெளிச்சமும் நிஜமாவே கூடும், ஆனா ஆயுசு கம்மி. சலாலா போய் வர அது பரவாயில்லை. நீலம் பூசின "5000 கே", "டயமண்ட் ஒயிட்" ரகம் வேண்டாம். அந்த நீலப் பூச்சு வெளிச்சத்துல ஒரு பங்கை வடிகட்டித்தான் வெள்ளையாக் காட்டுது, பாக்க ஸ்டைலா இருக்கும், அவ்வளவுதான். 100/90 வாட்ஸும் வேண்டாம், 60/55-க்குப் போட்ட சாக்கெட் அந்தச் சூட்டுல உருகும்.

லென்ஸ் தேய்க்கிற கட்டத்தையும் தாண்டிடுச்சுன்னா முழு ஹெட்லைட்டையே மாத்தணும். இங்கதான் நம்ம ஆளுங்க மாட்டுறது. லீவுக்குப் போனப்போ சென்னை புதுப்பேட்டையில பாதி விலைக்குக் கிடைச்சுதுன்னு துண்டுல சுத்தி லக்கேஜ்ல கொண்டுவருவாங்க. இல்லேன்னா ஷார்ஜா ஸ்கிராப் மார்க்கெட்ல ஜப்பான்லேர்ந்து வந்த பழைய செட்டை எடுப்பாங்க. மாடல் அதேதான், கிளிப்பும் ஒழுங்கா உக்காரும். ஆனா இந்தியாவும் ஜப்பானும் இடது பக்கம் ஓட்டுற நாடு, நாம இங்க ஓட்டுறது வலது பக்கம். டிம் லைட்டோட பீம் ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா இருக்காது. ரோட்டோரத்துல நடக்கிறவங்க, போர்டு எல்லாம் தெரியணும்னு ஓரத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் மேல ஏறும். இங்க அது வலது பக்கம் ஏறணும். புதுப்பேட்டை லைட்டை மாட்டினா இடது பக்கம் ஏறும், அதாவது நேரா எதிர்ல வர்ற லாரி டிரைவரோட கண்ணுக்கு. வலது ஓரத்துல நிக்கிறவரை நீங்க பாக்கவே மாட்டீங்க. ஓமன்ல ஒத்தை ரோட்டுல இது விளையாட்டு இல்லை. ஊர்ல என்ன வேணா வாங்குங்க, ஹெட்லைட்டை மட்டும் வாங்காதீங்க.

பீம் சரியா இருக்கான்னு பாக்க மெஷின் தேவையில்லை. பில்டிங் பேஸ்மென்ட்ல சமதரையில, சுவத்துக்கு நேரா 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. தரையிலேர்ந்து பல்பு எவ்வளவு உயரம்னு அளந்து, சுவத்துல அதே உயரத்துல டேப் ஒட்டுங்க. டிம் போட்டா, வெளிச்சம் வெட்டுற கோடு டேப்புக்கு 10 சென்டிமீட்டர் கீழ விழணும், வலது பக்கம் மட்டும் மேல ஏறணும். பாசிங்ல ஓகே ஆன வண்டியா இருந்தாலும் பாத்துடுங்க. ஏன்னா அங்க போனது காலி வண்டி. சலாலா போறது பின்சீட்ல மூணு பேர், டிக்கியில குக்கர், அரிசி, தண்ணி கேன், அம்மாவோட ஊறுகாய் பாட்டில் எல்லாத்தோடவும். பின்பக்கம் தாழ்ந்தா முன்பக்கம் தூக்கும், டிம் லைட்டும் பிரைட் மாதிரி ஆயிடும். டாஷ்போர்டுல ஸ்டியரிங் பக்கத்துல 0, 1, 2, 3னு ஒரு சின்னச் சக்கரம் பல வண்டிகள்ல இருக்கும். அது இதுக்குத்தான்! லோடு ஏறினா எண்ணை ஏத்துங்க, பீம் இறங்கும். என்னோட கூட வேலை பாக்கிற ஒருத்தர் ஆறு வருஷமா அதை மீட்டர் லைட்டோட பிரைட்னஸ்னு நினைச்சுக்கிட்டிருந்தார்.

இவ்வளவும் பண்ணியாச்சு, லைட் புதுசு மாதிரி ஆயிடுச்சுன்னே வெச்சுக்குவோம். இப்போ ஒரு சின்னக் கணக்கு. பல்பு உயரம் 65 சென்டிமீட்டர். 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறங்குற பீம், 65 மீட்டர்ல தரையைத் தொட்டுடும். டிம்ல எதிர் வண்டிப் பக்கம் உங்க பார்வை அவ்வளவுதான். 120-ல போனா, மூளை உஷாராகிக் கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ள ஒன்றரை செகண்ட், அதுலயே 50 மீட்டர் ஓடிடும். பிரேக் பிடிச்சு நிக்க இன்னொரு 80 மீட்டர். மொத்தம் 130. தெரியுற தூரத்தைப் போல ரெண்டு மடங்கு. டிம்லயே போறீங்கன்னா 65 மீட்டருக்குள்ள நிக்க 80-க்குக் கீழதான் போகணும். பல்பு எத்தனை வாட்ஸா இருந்தாலும் டிம்ல இந்தக் கணக்கு மாறாது, ஏன்னா அங்க வெளிச்சத்தை வெட்டுறது பீமோட கோடு.

ஆதமுக்கும் தும்ரைத்துக்கும் நடுவுல இருக்கிற அந்தப் பாலைவன ரோட்டுல குறுக்க வர்றது ஒட்டகம். அதுக்குக் கால் உயரம், உடம்பு பீமோட கோட்டுக்கு மேல, நிறமும் மணல் நிறம். டிம் வெளிச்சத்துல உங்களுக்கு முதல்ல தெரியுறது நாலு குச்சிக் கால்தான். செடான் இடிச்சா காலைத் தட்டிவிட்டுடும், நானூறு அஞ்சூறு கிலோ உடம்பு நேரா விண்ட்ஷீல்டு மேல விழும். ஆடு மாடு மாதிரி முன்னாடி தள்ளிட்டுப் போற சமாச்சாரம் இல்லை இது. எதிர்ல வண்டி இல்லாதப்போ பிரைட் போட்டு ஓட்டலாம், போடணும். ஆனா எதிர் வண்டிக்காக டிம்முக்கு மாத்துற அந்த நிமிஷங்கள்தான் ஆபத்து.

அதனால ஷார்ஜா வாசகருக்கு என் பதில்: லென்ஸைத் தேய்ங்க, எர்த்தைப் பாருங்க, நல்ல ஹாலஜன் ஒரு ஜோடி மாத்துங்க, லோடு ஏத்தின பிறகு அந்தச் சக்கரத்தைத் திருப்புங்க. ஆனா 1200 கிலோமீட்டர் பக்கத்தை ஒரே மூச்சுல ராத்திரி ஓட்டிடலாம்கிற திட்டத்தைக் கைவிட்டுடுங்க. நிஸ்வாவுலயோ ஹைமாவுலயோ ரூம் போட்டுத் தங்கி, விடிஞ்சு கிளம்புங்க. அம்மாவுக்கும் முதுகு வலிக்காது.

தும்ரைத் தாண்டி சலாலாவுக்கு மலை இறங்கும்போது கரீஃப் மூடுபனி பகல்லயே கெட்டியா நிக்கும். அங்க பிரைட் போட்டீங்கன்னா வெளிச்சம் பனியில பட்டுத் திரும்பி வந்து எதிர்ல வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிம், கீழ ஃபாக் லைட் இருந்தா அதுவும், வேகம் கம்மி. ஹஸார்டு லைட்டைப் போட்டுக்கிட்டே ஓட்டாதீங்க, நீங்க எந்தப் பக்கம் திரும்பறீங்கன்னு பின்னாடி வர்றவருக்குத் தெரியாது. குளவ் பாக்ஸ்ல ஒரு ஸ்பேர் பல்பும் ஒரு டிஷ்யூவும் வெச்சுக்குங்க. பல்போட கண்ணாடியை வெறுங்கையால தொட்டா கை எண்ணெய் ஒட்டி அந்த இடம் சூடாகிச் சீக்கிரம் போயிடும், அதுக்குத்தான் டிஷ்யூ.