படுதா எழுதியவர் பெயர் என்ன?

செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரில் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு கண்காட்சி நடக்கிறது. உலக நாடுகள் தங்கள் நாடக மேடை அமைப்பை அங்கே கொண்டுபோய் வைக்கின்றன. மேடையின் சிறு மாதிரி, உடை, முகமூடி, ஓவியம், விளக்கு ஏற்பாடு, நாடகக் கொட்டகையின் வரைபடம் ஆகியவையே அங்கு பொருள். 1967-ல் தொடங்கிய இது 2023 ஜூனிலும் நடந்தது. கணக்குப்படி அடுத்தது 2027-ல் வர வேண்டும்.

பிரேசர் டவுனில் காலையில் பஸ் பிடித்து வேலைக்கு ஓடும் தமிழருக்கும் பிராக் கண்காட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. தச்சு வேலை, பெயிண்ட் வேலை, தையல், எலெக்ட்ரிக் வேலை ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் மேடை அமைப்பு. இந்த நான்கும் தெரிந்த கைகள் நம் தெருக்களில் ஏராளம்.

இந்தக் கலையில் உலகப் புகழ் பெற்ற ஜோசப் ஸ்வோபோடா முதலில் தச்சு வேலை கற்றவர். அதன் பிறகே கட்டடக் கலை படித்தார். 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில், திரையில் ஓடும் படத்தையும் மேடையில் நிற்கும் நடிகரையும் ஒன்றாக இணைத்துக் காட்டி எல்லோரையும் வியக்க வைத்தார். அதே காலத்தில் பிரேசில் நாட்டின் சாவோ பாலோ கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கிய மேடைக் கலைஞர்கள் தொடர்ந்து தங்கப் பதக்கம் வாங்கினார்கள். அதன் பயனாகவே மேடை அமைப்புக்கென்று தனிக் கண்காட்சி பிராக் நகருக்கு வந்தது.

பரிசு பெரிய நாட்டுக்குத்தான் போகும் என்று எண்ண வேண்டாம். 2015-ல் முதல் பரிசான 'தங்க திரிகா'வை எஸ்தோனியா தட்டிச் சென்றது. அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகை ஏறக்குறைய 13 லட்சம். 2011 கணக்கெடுப்பிலேயே பெங்களூர் மாநகரில் 84 லட்சம் பேர் இருந்தார்கள்! அவர்கள் காட்டியதும் அரண்மனை செட் அல்ல. 2010-ல் ஒரு நாடகக் குழு பொய்யாக ஓர் அரசியல் கட்சியை உருவாக்கி, ஏழாயிரம் பேருக்கு மேல் கூட்டி மாநாடும் நடத்தியது. மேடை, கொடி, விளக்கு, கோஷம் எல்லாம் நிஜ மாநாடு போலவே இருந்தன. அந்த நாடகத்தின் கதையைத்தான் பிராக் நகரில் வைத்தார்கள். மாநாட்டுப் பந்தல் போடுவதில் தமிழனுக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதையும் ஒரு கலையாகப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை.

நம்மிடம் சரக்கு இல்லையா? கன்னையா கம்பெனியின் 'தசாவதார'த்தைக் காட்சிகளுக்காகவே ஜனங்கள் பார்த்தார்கள். நவாப் ராஜமாணிக்கத்தின் மேடையிலும் ஆர்.எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' மேடையிலும் கண்மூடித் திறப்பதற்குள் காட்சி மாறும். கன்னட நாட்டில் 1884-ல் தோன்றிய குப்பி கம்பெனி, வீரண்ணா காலத்தில் யானையையே மேடையில் நிறுத்தியது. கல்கத்தாவில் 1959-ல் 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுவதை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், விளக்கை மட்டும் வைத்துக் காட்டினார் தாபஸ் சென். டில்லியில் இப்ராஹிம் அல்காசி 1963-ல் பிரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளையே மேடையாக்கினார்.

தெருக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மேடையே கிடையாது. நான்கு முழத் துணியை இருவர் பிடித்தால் அதுதான் திரை. ஆனால் அதன் பின்னாலிருந்து வரும் துரியோதனன் தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் மார்புப் பதக்கம். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜரிகைத் தாளும் ஒட்டியவை. விடிய விடிய ஆட வேண்டும் அல்லவா? எடை கூடினால் கழுத்து தாங்காது. ஒளி பட்டால் மின்னவும் வேண்டும். பொறியியல் கல்லூரி பார்க்காத ஒருவர் இந்த இரண்டையும் யோசித்துச் செய்திருக்கிறார். அதை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் செதுக்கும் உளியையும் வைத்தாலே போதும்.

படுதாவின் கதை வேறு. தெரு சீன், தர்பார் சீன், காட்டு சீன் எல்லாம் வெள்ளைக்காரர் மேடையைப் பார்த்து பார்சி கம்பெனிகள் கொண்டுவந்தவை; அதில் நம்முடையது என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆர்மோனியமும் அப்படி வந்ததுதான். அதை விட்டுவிட்டா ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது? கோவில்பட்டியில் சாமி படம் வரைந்து வீடு வீடாகப் புகழ்பெற்ற கொண்டையராஜு, நாடகக் கம்பெனியில் சீன் எழுதியவர். அந்தக் கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியில் தங்கிவிட்டார். நம் வீட்டுக் காலண்டரில் சிரிக்கும் முருகனுக்குப் பின்னால் தெரியும் மலையும் குளமும் நாடகப் படுதாவிலிருந்து இறங்கி வந்தவை என்றால் மிகையாகாது.

கொண்டையராஜுவின் பெயர் தப்பியது. மற்றவர்கள்? பழைய நாடக நோட்டீசுகளில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் பெயர்கள் கொட்டை எழுத்தில் இருக்கும். 'புத்தம் புதிய சீன் சீனரிகள்' என்ற வரியும் இருக்கும். அந்த சீனை எழுதியவர் யார் என்பதற்கு விடை கிடைப்பது அரிது. பொருள்களின் கதியும் இதுதான். வண்ணப் பொடியை வஜ்ஜிரத்தில் கலந்து காடாத் துணியில் எழுதிய படுதா ஈரம் பட்டால் உதிர்ந்துவிடும். இன்னும் எத்தனை மழைக்காலம் தாங்கும்?

நாடு தன் நாடகக் கலையை அயல்நாட்டில் காட்ட வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கடைசி நேரத்தில் நாலு புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டிவிட்டு வருவது காட்டுவதாகாது. தேசிய நாடகப் பள்ளியின் மையம் பெங்களூரிலேயே இருக்கிறது. அது கர்நாடக நாடக அகாடமியையும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தையும் சேர்த்துக்கொண்டு, எந்த ஊரில் எந்தப் படுதா, எந்தக் கிரீடம் மிஞ்சியிருக்கிறது என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். காட்சிக்குப் போகும் ஒவ்வொரு பொருளின் கீழும் செய்தவர் பெயர் இருக்க வேண்டும். அவர் உயிரோடு இருந்தால் அவரையும் அனுப்ப வேண்டும். அதற்காகக் கோப்பு தூக்கும் அதிகாரிகளில் இரண்டு பேர் குறைந்தால் நாடகக் கலைக்கு நஷ்டம் எதுவும் வந்துவிடாது.

பிராக் நகருக்குப் போகுமுன் அந்தப் பொருள்களை இங்கேயும் ஒரு வாரம் வைக்கலாம். 1898 பிளேக்குக்குப் பிறகு புதிதாக எழுந்த நம் பிரேசர் டவுனில் பள்ளிக்கூட ஹாலும் மாதா கோயில் ஹாலும் இல்லாமல் போகவில்லை. ஈஸ்டர் காலத்தில் பாஸ்கா நாடகத்துக்குச் சிலுவை செய்து கொடுத்த தச்சர்கள், அம்மன் திருவிழா நாடகத்துக்கு உடை தைத்த தையல்காரர்கள் எல்லோரும் வந்து பார்ப்பார்கள். எந்தப் பொருளை எப்படிச் செய்தார்கள் என்று படித்தவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார்கள்.

அதுவரை, பரணில் பழைய படுதாவோ கிரீடமோ வைத்திருக்கும் வாசகர்கள் அதை எடுத்து நிழலில் உலர்த்தி வைக்கட்டும். எழுதியவர் பெயர் தெரிந்தால் ஒரு சீட்டில் குறித்து, அதனுடன் சேர்த்துக் கட்டிவைக்கட்டும்.