கையை விடுங்க சார்!

டிரைவர் சடன் பிரேக் போட்டாலும் கம்பியைப் பிடிக்காமல் பஸ்ஸில் பேப்பர் படிக்கிற ஆசாமியா நீங்கள்? கண், உள்காது, பாதம் மூன்றும் தகவல் அனுப்ப, மூளை இடுப்புக்கும் காலுக்கும் உத்தரவு போடுகிறது. நீங்கள் பாட்டுக்கு சினிமா விமர்சனத்தில் இருக்கலாம்.

ஆபீஸ் நண்பரின் பையனுக்கு ஏழு வயசு. செரிப்ரல் பால்ஸி. வளர்கிற மூளையில் ஏற்பட்ட பாதிப்பு. உத்தரவு குளறுபடியாகப் போகிறது. புத்தியெல்லாம் கற்பூரம். கேரம்போர்டில் என்னை மண் கவ்வ வைப்பான்.

லண்டனில் போபாத் தம்பதி 1940-களில் ஆரம்பித்த முறையில், தெரபிஸ்ட் தன் கையால் பிடித்து அசைவைச் சரிசெய்வார். உலகம் முழுக்கப் பரவியது. 2013-ல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு, சிகிச்சைகளுக்கு டிராஃபிக் சிக்னல் மாதிரி கலர் கொடுத்தது. போபாத் முறைக்குப் பச்சை கிடைக்கவில்லை. ஒரு காரியத்தைக் குறிவைத்து, குழந்தை தானே திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிக்குக் கிடைத்தது.

குதிரைச் சவாரியும் உண்டு. குதிரை நடந்தால், நாம் நடக்கிற மாதிரியே இடுப்பு அசையும். உடம்பு ஒவ்வொரு அசைவுக்கும் ஈடுகொடுக்கணும். (உடனே மெரினா குதிரைக்காரரிடம் பேரம் பேசாதீர்கள். பழக்கிய குதிரையும் பயிற்சி பெற்ற தெரபிஸ்ட்டும் வேணும்!)

நம்ம பையனுக்குக் கேரம்தான் குதிரை. முதுகு சாயாத ஸ்டூல், கீழே மெத்தை. தூரத்துக் காய்க்கு எட்டும்போது உடம்பு சாயும், அவனே நிமிரணும். பாட்டி, "ஐயோ, விழுந்துடுவான்டா!" நண்பர் ஓடிப்போய்ப் பிடிப்பார்.

"சார், நீங்களே பிடிச்சிட்டிருந்தா பேலன்ஸ் உங்களுக்குத்தான் வரும்" என்றார் தெரபிஸ்ட் அம்மா.

போன ஞாயிறு நண்பர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையன் இரண்டு தடவை மெத்தையில் விழுந்தான். மூன்றாவது தடவை ரெட்டைப் போட்டான். ஃபாலோ விழலை.