ஹாய் சொல்லல ப்ரோ... மோந்து பாக்குது! தும்பிக்கையில் இருக்கும் 'கை'யை நாம் தப்பாகப் படிக்கிறோமா?

தெப்பக்காட்டில் இருந்து மசினகுடி போகிற ரோடு. ஓரத்தில் ஒரு காட்டு யானை. கார் ஸ்லோ ஆகிறது. யானை திரும்பிப் பார்த்து, தும்பிக்கையை மேலே தூக்குகிறது. உடனே பின் சீட்டில் இருந்து ஒரு குரல்: "டேய், ஹாய் சொல்லுதுடா! வீடியோ எடு, எடு!"

இந்த மாதிரி ரீல்ஸ் உங்கள் போனிலும் வந்திருக்கும். லைக்கும் போட்டிருப்பீர்கள். ஆனால் அந்த யானை ஹாய் சொல்லவில்லை. வந்திருப்பது யார், என்ன என்று மோப்பம் பிடிக்கிறது. இந்தக் குழப்பத்தில் நம்ம வார்த்தைக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த வார்த்தை, 'கை'.

வார்த்தைக்குள் ஒரு கை

"யானைக்குத் தும்பிக்கை, மனுஷனுக்கு நம்பிக்கை" என்று மேடைக்கு மேடை கேட்டிருப்போம். எதுகை சூப்பர். ஆனால் நம்பிக்கையில் வரும் 'கை' வெறும் விகுதி. தும்பிக்கையில் இருப்பது நிஜமான கை. பழைய தமிழில் 'தும்பி' என்றால் யானை என்றும் பொருள். ஆக, தும்பிக்கை என்பது யானையின் கை. யானைக்கே 'கைம்மா', அதாவது கையுள்ள விலங்கு என்று இலக்கியத்தில் பெயர் உண்டு. இந்திக்காரர்களின் 'ஹாத்தி'க்குள்ளும் 'ஹாத்' என்ற கை ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில்தான் 'ட்ரங்க்'. நம்ம வீட்டுப் பரணில் கிடக்கும் ட்ரங்க் பெட்டிக்கும் அதே சொல்தான்!

பெயர் வைத்தவர்கள் கவனமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். தும்பிக்கையில் எலும்பே கிடையாது, முழுக்க தசை. மரக்கட்டையையும் தூக்கும், தரையில் கிடக்கும் சின்னப் பொருளையும் எடுக்கும். நம்ம ஆசிய யானைக்கு அதன் நுனியில் விரல் மாதிரி ஒரு முனை, ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. குழந்தை விரல் சூப்புவது போல, குட்டி யானை தும்பிக்கையைச் சூப்புவதும் உண்டு.

ஆனால் அது மூக்கும்கூட

சிக்கல் இங்கேதான். உடற்கூற்றின்படி தும்பிக்கை என்பது மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்ட உறுப்பு. ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, ஆப்பிரிக்க யானைக்கு வாசனையை உணரும் மரபணுக்கள் சுமார் 2,000 இருப்பதாகச் சொன்னது. இது நாய்க்கு இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். யானை தும்பிக்கையை உயர்த்தி நுனியை வளைப்பது, காற்றில் வரும் வாசனையைப் பிடிக்க.

நாமோ மூக்கை மறந்துவிட்டு, கையை மட்டும் பிடித்துக்கொண்டோம். தூக்கினால் "டாட்டா காட்டுது". தலையில் வைத்தால் "ஆசீர்வாதம்". வண்டிப் பக்கம் நீட்டினால் "பாவம், பசிக்குது போல". அடுத்து சிப்ஸ் பாக்கெட் ஜன்னல் வழியே பறக்கிறது.

முகாம் வேற, ரோடு வேற

மோயாற்றங்கரையில் 100 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது தெப்பக்காடு யானைகள் முகாம். 2023-ல் 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கர் வாங்கிய பிறகு, பொம்மன், பெள்ளியின் முகாமாக உலகமே இதைத் தெரிந்துகொண்டது. இங்கே ராகி, கொள்ளு எல்லாம் சேர்த்து உருட்டிய கவளத்தை பாகன்கள் நேராக யானையின் வாயில் ஊட்டுகிறார்கள். அந்த நெருக்கம் பல வருஷப் பழக்கத்தில் வந்தது. டிக்கெட் எடுத்து அரை மணி நேரம் நின்று பார்த்தவருக்கு அது வந்துவிடாது.

ஆனால் முகாமில் பார்த்த பாசத்தை மனசில் வைத்துக்கொண்டு காரில் ஏறுகிறோம். ரோட்டில் நிற்கும் காட்டு யானையும் 'நம்ம ஆளு' மாதிரியே தெரிகிறது. பக்கத்தில் உள்ள பந்திப்பூரில் 2025 ஆகஸ்டில் செல்ஃபிக்காக காட்டு யானையை நெருங்கியவர், அது துரத்தியதில் கீழே விழுந்து மிதிபட்டார். உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். அப்புறம் 25,000 ரூபாய் அபராதமும் கட்டினார்.

வேடிக்கை என்னவென்றால், தமிழில் 'கை நீட்டுறது' என்றால் கேட்பது என்றும் அர்த்தம், அடிப்பது என்றும் அர்த்தம். யானை எதற்காக நீட்டுகிறது என்று ஓடும் காரில் இருந்து யாராலும் சொல்ல முடியாது. தப்பாக யூகித்தால் விலை நமக்கு மட்டுமில்லை. தின்பண்டத்துக்குப் பழகி ரோட்டுக்கு வரும் யானைக்கும் 'தொந்தரவு யானை' என்ற பட்டம் விழும்.

தும்பிக்கை நல்ல பெயர்தான், அதை மாற்ற வேண்டாம். மாற வேண்டியது ரீல்ஸ் கேப்ஷன். அடுத்த முறை யானை தும்பிக்கையைத் தூக்கினால், "மோந்து பாக்குது, நிக்காம போ" என்று டிரைவரிடம் சொல்லுங்கள். கண்ணாடி மேலே இருக்கட்டும். நம்ம கை உள்ளேயே இருக்கட்டும்.