எழுதும் விசை, திருத்தும் விசை

பத்திரிகையாளன் நாள் முழுவதும் எழுதிக்கொண்டிருக்கிறான் என்பது வெளியில் இருப்பவர்களின் எண்ணம். உண்மையில் அவனது பொழுது கழிவது திருத்துவதில்தான். பிராந்திய நிருபர் அனுப்பிய செய்தியின் ஏழாவது பந்தியை முதலாவதாக்குவதும், அரைப் பக்கத்தைக் கால் பக்கமாகச் சுருக்குவதுமே தொழில். நாம் பாவிக்கும் மென்பொருட்களோ தட்டச்சு இயந்திரத்தின் வாரிசுகள். ஒரு வரியை இடம் மாற்றவும் கை விசைப்பலகையை விட்டுச் சுட்டியைத் தேடி ஓடவேண்டியிருக்கிறது.

'விம்' என்னும் தொகுப்பி இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறது. அதில் விசைகளின் முதல் வேலை திருத்துவது. 'டி'யை இருமுறை அழுத்தினால் வரி நீங்கும். வேண்டிய இடத்துக்குச் சென்று 'பி'யை அழுத்தினால் அங்கே வந்து அமரும். எழுத விரும்பினால் 'ஐ', எழுதி முடிந்ததும் 'எஸ்கேப்'. முதல் வாரம் இதனைச் சபித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதன் மூதாதையான 'வீஐ'யை 1976இல் பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜோய் எழுதினார். அவர் பயன்படுத்திய முனையத்தில் எச், ஜே, கே, எல் விசைகளின் மீதே அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. இன்றும் அவ்விசைகளே நம்மை நகர்த்துகின்றன. 1991இல் விம்மை வெளியிட்ட பிராம் மூலெனார் 2023இல் காலமாகும்வரை அதனைப் பராமரித்தார்.

வேகம் மட்டும் இதன் பயன் என்று நான் கருதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர், வழமையான சொல்செயலி ஒன்றில், ஒரு கட்டுரை முழுவதிலும் 'அரசு' என்பதை 'அரசாங்கம்' என ஒரே சொடுக்கில் மாற்றினேன். மறுநாள் பத்திரிகையில் 'அரசுடைமை' என்பது 'அரசாங்கம்டைமை' என்று வெளிவந்தது. வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இது எந்த நாட்டுத் தமிழ் என்று கேட்டார்.

வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டி நிற்கும் மொழியில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாகாது. விம்மில் 'அரசுக்கு' என்று தேடி, ஒருமுறை 'அரசாங்கத்துக்கு' எனத் திருத்திவிட்டால், பின்னர் 'என்' விசை அடுத்த இடத்தைக் காட்டும். முற்றுப்புள்ளி விசை அதே திருத்தத்தை மீண்டும் செய்யும். வேண்டாத இடத்தில் புள்ளியை அழுத்தாமல் கடந்துவிடலாம். ஒவ்வோர் இடத்தையும் கண் பார்க்கிறது. கை மட்டும் களைப்படைவதில்லை. பழைய ஒப்புநோக்குநர்களின் சிவப்புப் பேனா வேலை செய்த முறையும் ஏறக்குறைய இதுதான்.

தமிழில் எழுதுவோருக்கு ஓர் இடையூறு உண்டு. கணினியின் தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கையில் 'டி'யை அழுத்தினால் விம் பெறுவது தமிழ் எழுத்தையே, கட்டளை செயற்படாது. பலர் இந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் விம்முக்குள்ளேயே 'கீமேப்' என்ற வசதி இருக்கிறது. விசை ஒருபுறம், தமிழெழுத்து மறுபுறம் என ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தால், எழுதும்போது மட்டும் தமிழ் வரும். கட்டளைகள் ஆங்கில விசைகளிலேயே இருக்கும். கணினியின் தமிழ் விசைப்பலகையை நிறுத்திவைக்க வேண்டும், அவ்வளவே.

நூறு கட்டளைகளை மனனம் செய்து பெருமை பேசும் இளைஞர்களைக் கண்டிருக்கிறேன். நான் பாவிப்பவை இருபதைத் தாண்டா. பாமினி வரிசைக்குப் பழகிப்போன என் விரல்களுக்கென அந்தப் பட்டியலை ஒரு ஞாயிறு மாலையில் எழுதி முடித்தேன்.